ஒரே எடை, இரண்டு விலை!
மரவள்ளிக் கிழங்கின் "பாயிண்ட்" கணக்கு

ஜவ்வரிசி ஆலையின் வாசலில் இரண்டு லாரிகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மரவள்ளிக் கிழங்கு. இரண்டும் 10 டன். ஆனால் ஒரு விவசாயிக்கு 84 ஆயிரம் ரூபாய். மற்றவருக்கு 72 ஆயிரம்தான்!

ஏன் இந்த வித்தியாசம்? தராசில் தவறு இல்லை. ஆலைக்காரர் கிழங்கை வாங்கவில்லை. கிழங்குக்குள் இருக்கும் மாவை வாங்குகிறார்! அதுதான் காரணம்.

போரில் பிறந்த தொழில்

இரண்டாம் உலகப் போர் வந்தது. மலேயா, ஜாவா பக்கமிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோயிற்று. 1943-ம் ஆண்டில் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும், பொப்பட்லால் ஷாவும் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். தொழில் வளர்ந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சேலத்தை ஒட்டிய கள்ளக்குறிச்சி, சின்னசேலம், கல்வராயன் மலைப் பகுதிகளிலும் மரவள்ளி பரவியது. இவை 2019 வரை விழுப்புரம் ஜில்லாவில் இருந்தவை. இப்போது கள்ளக்குறிச்சி தனி ஜில்லா.

ரகத்துக்கு ரகம் மாவு

திண்டிவனத்து விவசாயிக்கு "ரகம்" என்றால் என்ன என்று சொல்லத் தேவை இல்லை. "டி.எம்.வி." நிலக்கடலை ரகங்கள் அந்த ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. கடலையில் எண்ணெய் ரகத்துக்கு ரகம் மாறும். மரவள்ளியில் மாவு மாறும்.

கேரளத்தில் ஸ்ரீகாரியம் என்ற ஊரில் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1963-ல் தொடங்கியது. எச்.165, எச்.226 என்ற ரகங்களை அது 1971-ல் வெளியிட்டது.

எச்.165 சீக்கிரம் விளையும். 8, 9 மாதத்தில் வெட்டலாம். 100 கிலோ கிழங்கில் மாவு 23 முதல் 25 கிலோ.

எச்.226-க்கு 10 மாதம் வேண்டும். மாவு 28 முதல் 30 கிலோ.

இவை தவிர, முள்ளுவாடி, குங்கும ரோஸ், வெள்ளைத் தாய்லாந்து என்று விவசாயிகளே பெயர் சொல்லி வளர்க்கும் ரகங்களும் உண்டு. சேலம் ஜில்லா ஏத்தாப்பூரிலும் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

மாவின் அளவு மட்டும் அல்ல, குணமும் மாறும். ஒரு ரகத்தின் மாவைக் காய்ச்சினால் கெட்டிப் பசை வரும். இன்னொன்று இளகிப் போகும். புழுங்கல் அரிசிச் சோறு ஒரு விதம், பச்சரிசிச் சோறு ஒரு விதம் அல்லவா? அதுபோலத்தான்.

தண்ணீரில் தெரியும் உண்மை

மாவை எப்படி அளக்கிறார்கள்?

நெல் விதையை உப்புத் தண்ணீரில் போட்டுத் தேர்வு செய்வதைப் பார்த்திருப்பீர்கள். பதர் மிதக்கும்; கனத்த விதை மூழ்கும். இங்கும் அதே தத்துவம்தான். 5 கிலோ கிழங்கைக் கூடையில் வைத்துத் தண்ணீருக்குள் எடை போட்டால் சுமார் அரை கிலோதான் காட்டும். மாவு தண்ணீரைவிடக் கனமானது. ஆகவே, மாவு கூடினால் அந்த அரை கிலோவும் சற்றுக் கூடும். அதை வைத்துச் சொல்வதே "பாயிண்ட்". பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலை.

ஒரு டன்னுக்குப் பாயிண்ட் ஒன்றுக்கு 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் கிழங்குக்கு 8,400 ரூபாய். 24 பாயிண்ட் கிழங்குக்கு 7,200 ரூபாய். 10 டன்னில் 12 ஆயிரம் வித்தியாசம்! ஒரு குடும்பத்தின் பள்ளிச் செலவும், தீபாவளித் துணியும் அதற்குள் அடங்கிவிடும்.

அவசரப்பட வேண்டாம்!

அப்படியானால் மாவு மிகுந்த ரகத்தையே நடலாமா? பொறுங்கள்.

ஒரு ரகம் ஏக்கருக்கு 12 டன், 24 பாயிண்ட். பெருக்கினால் 288.

இன்னொன்று 10 டன், 28 பாயிண்ட். பெருக்கினால் 280.

மாவு குறைந்த ரகமே முந்துகிறது! ஆனால் கூடுதலாக 2 டன் கிழங்கைத் தோண்ட வேண்டும், ஏற்ற வேண்டும், லாரிக் கூலி கொடுக்க வேண்டும். அதைக் கழித்தால்தான் உண்மை லாபம் தெரியும். மகசூலையும் பாயிண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார்.

நல்ல ரகம் நட்டாலும் மாவு குறையலாம். இளங்கிழங்கில் மாவு ஏறி இருக்காது. வறட்சிக்குப் பின் மழை பெய்தால் செடி புதிதாகத் துளிர்க்கும். துளிருக்குக் கிழங்கின் மாவே செலவாகும். தோண்டிய கிழங்கு இரண்டு, மூன்று நாளில் கெடத் தொடங்கும். ஆலைக்குத் தூரத்தில் இருப்பவருக்கு இது பெரிய கஷ்டம். அவர் லாரி வரும் நாளை உறுதி செய்துகொண்டே மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

ஆலைக்கு ஏற்ற கிழங்கு எல்லாம் அடுப்புக்கு ஏற்றது அல்ல. சில ரகங்கள் கசக்கும். கசப்புக் கிழங்கில் சயனைடு என்ற நச்சு அதிகம் இருக்கலாம். தோலை நன்றாகச் சீவுங்கள். நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கசக்கும் கிழங்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

யார் அளப்பது?

ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கு 1981 முதல் "சேகோசர்வ்" என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அவர்கள் சரக்கு அங்கே ஏலம் போகிறது. விலை வெளிச்சத்தில் நடக்கிறது. நல்லது.

ஆனால் விவசாயியின் கிழங்கு? வாங்குகிறவரே பாயிண்டையும் அளக்கிறார். விற்கிறவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். ஆலைக்காரர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் சந்தேகம் எழத்தானே செய்யும்?

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொதுவான பாயிண்ட் தராசு வைக்கலாம். வேண்டியது ஒரு தராசு, ஒரு தொட்டி, அளக்கத் தெரிந்த ஓர் ஆள். பெரிய செலவு இல்லை. தோண்டுவதற்கு முன்பே நாலு செடியைப் பிடுங்கி அளந்து பார்த்தால், "இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாமா?" என்பதும் தெரிந்துவிடும்.

பத்து மாதம் வெயிலில் நின்றவருக்குத் தன் கிழங்கில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டாமா?