ஒரு தொலைபேசிக் கம்பி, இரு கணினிகள்

1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, தன் மோடம் இணைப்பை அடுத்த கணினியோடு பகிரும் வசதியைத் தந்தது. அடுத்திருப்பது லினக்ஸ் கணினியாயினும் தடையில்லை. வலையட்டை வழி தனக்கொரு முகவரியைத் தானே கேட்டுப் பெறும். நொடிக்கு 56 கிலோபிட்டைத் தாண்டாத ஒரே தொலைபேசிக் கம்பியில் இரண்டும் இணையம் கண்டன. காரணம், இயங்குதளங்கள் வேறாயினும் டிசிபி/ஐபி நெறிமுறை இரண்டுக்கும் பொது.

அதே கம்பியில் வந்த தமிழ் மடலோ, குறியேற்றம் மாறினால் புரியாத குறிகளாய்த் தெரிந்தது. திஸ்கி, டாம், டாப் என நாம் பிரிந்து நின்றோம். யூனிகோடுதான் நம்மை இணைத்தது.

பழைய குறியேற்றங்களில் முடங்கிக் கிடக்கும் ஆண்டிதழ்க் கோப்புகளை இனியேனும் மாற்றுவோம். முன்னாள் மாணவர்களே, வட்டுகளைத் தேடிக் கொடுங்கள். இந்நாள் மாணவர்களே, யூனிகோடாக்கித் தாருங்கள். பொதுநெறியில் நிற்கும் தமிழே அடுத்தவர் கணினியிலும் திறக்கும்.