அந்தக் காலத்துக் குத்துச்சண்டை என்னும் மாயை

ஜோர்ஜ் ஃபோர்மன் 2025 மார்ச் 21ஆம் திகதி காலமானார். மறுதினம் கனடாவில் வசிக்கும் மூத்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு காலத்தில் கொழும்பில் ஒரே பத்திரிகையின் செய்தி மேசையில் எதிரெதிரே அமர்ந்து பணியாற்றியவர்கள் நாங்கள்.

"தம்பி, குத்துச்சண்டை இதோட முடிஞ்சுது. அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன் ஆக்களுக்கு முன்னால இப்ப இருக்கிறவங்களில ஒருத்தனாவது மூண்டு சுற்று நிப்பானோ?" என்றார்.

"அண்ணை, நீங்கள் கடைசியாக ஒரு போட்டியை முழுசாப் பாத்தது எப்ப?" என்று கேட்டேன்.

"அதுகளைப் பாத்து என்னத்துக்கு?" என்பதே பதில்.

துக்கம் பகிரும் வேளையில் தர்க்கம் செய்வது பண்பன்று என்பதால் அன்று மௌனமானேன். ஆயினும் பாராதவற்றைப் பற்றி இத்தனை உறுதியுடன் தீர்ப்புக் கூறும் இந்த மனோபாவம் என்னை விட்டபாடில்லை. எந்தக் காலத்து வீரர் பெரியவர் என்ற விவாதத்தைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என்றே பலரும் கருதுகின்றனர். நான் அதனை மறுக்கின்றேன். அது பொய்யான வரலாற்றை எழுதுகின்றது. அதற்குரிய விலையைச் செலுத்துவோர் குத்துச்சண்டை வீரர்களே.

முதலில் நிபுணர்களை எடுத்துக்கொள்வோம். 1922இல் 'த ரிங்' சஞ்சிகையைத் தொடங்கிய நட் ஃப்ளெய்ஷரின் சொல்லை வேதவாக்காகக் கொண்ட தலைமுறையொன்று இருந்தது. ஹெவிவெயிட் எனப்படும் அதிபாரப் பிரிவில் எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீரர்கள் என்று அவர் வரிசைப்படுத்திய பட்டியலில் ஜக் ஜோன்சன் முதலிடத்திலும், ஜிம் ஜெஃப்ரிஸ் இரண்டாமிடத்திலும், பொப் ஃபிட்ஸிமன்ஸ் மூன்றாமிடத்திலும் இருந்தனர். நான்காமவர் ஜக் டெம்ப்சி, ஐந்தாமவர் ஜிம் கோர்பட். ஜோ லூயிஸுக்கு ஆறாமிடம். ரொக்கி மார்சியானோவுக்குப் பத்தாமிடம். முகமது அலிக்கு 1972இல் ஃப்ளெய்ஷர் மறையும்வரை இடமே இல்லை. ஃப்ளெய்ஷர் பிறந்தது 1887இல். முதல் ஐவரில் டெம்ப்சி தவிர்ந்த நால்வரும் அவர் 22 வயதை எட்டுமுன்னரே உலகப் பட்டம் வென்றுவிட்டவர்கள். இதனைத் தற்செயல் என்று நம்புவோர் நம்பட்டும். ஆற்றலை அளக்கப் புறப்பட்ட அந்த மனிதர் தமது வாலிபத்தையே அளந்துவிட்டார் என்பது என் துணிபு.

இதில் எங்கள் தொழிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றது. நியூயோர்க் மாநிலத்தில் 1911 முதல் 1917 வரை இருந்த சட்டத்தின்படி, போட்டி இறுதிச் சுற்றுவரை சென்றால் நடுவர் தீர்ப்பு வழங்குவதில்லை. வென்றவர் யார் என்பதை மறுநாள் பத்திரிகைகளே எழுதின. ஒரே போட்டிக்கு இரு பத்திரிகைகள் இருவேறு வெற்றியாளர்களை அறிவித்ததும் உண்டு. மத்திய எடைப் பிரிவின் ஹரி கிரெப் போட்டியிடும் காட்சி ஒன்றுகூட இன்றுவரை கிடைத்ததில்லை. இருந்தும் அவருக்கு நிகரில்லை என்று சத்தியம் செய்வோர் உளர். அவர்களது ஆதாரம் அந்நாளைய பத்திரிகைப் பத்திகள்தாம். பக்கம் அச்சுக்குச் செல்லப் பத்து நிமிடமே இருக்கையில், பார்க்காத ஆட்டத்தைப் பார்த்ததுபோல் வர்ணித்து எழுதிய இராப்பணி அனுபவம் எனக்கும் உண்டு. ஆகையால் பழைய செய்தித்தாளை அளவுடன் நம்புங்கள் என்று கூறும் தகுதி எனக்கு இருக்கின்றது.

மனிதர்தாம் பக்கச்சார்பானவர்கள், இயந்திரம் நீதியுடன் நடக்கும் என்று எண்ணியவர்களுக்கு ஒரு பழைய கதை. 1967இல் மரே வொரோனர் என்பவர் கணினியின் உதவியுடன் பல காலத்துச் சம்பியன்களையும் வானொலியில் மோதவிட்டார். அதில் அலியை ஜெஃப்ரிஸ் வென்றார்! சினமுற்ற அலி வழக்குத் தொடர்ந்தார். பின்னர் சமரசமாகி, மார்சியானோவுடன் ஒரு கற்பனைப் போட்டியில் நடிக்க உடன்பட்டார். 1969இல் பல முடிவுகளுடன் அது படமாக்கப்பட்டது. 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பட்ட முடிவில் மார்சியானோ 13ஆம் சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டப்பட்டதில் அலி வென்றார். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் அலியின் பட்டம் பறிக்கப்பட்டிருந்த காலம் அது. எந்த மண்டபத்தில் எவரது வெற்றிக்குக் கைதட்டல் கிடைக்குமோ அதையே கணினியும் கூறிற்று.

அலியை 'வென்ற' ஜெஃப்ரிஸின் உண்மைக் கதை என்ன? சம்பியனாக இருந்தபோது கறுப்பினத்தவரான ஜோன்சனுடன் மோத மறுத்தவர் அவர். 1905இல் தோல்வி காணாதவராக ஓய்வு பெற்றுத் தோட்டத்தில் இருந்தவரை, ஜோன்சனின் முகத்திலுள்ள புன்னகையைத் துடைத்தெறிய வருமாறு ஜக் லண்டன் போன்ற எழுத்தாளர்களே அழைத்தனர். மீண்டு வந்த அவர் 1910 ஜூலை 4ஆம் திகதி ரெனோ நகரில் 15ஆம் சுற்றில் தோற்றார். அதையடுத்து அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெடித்த வன்முறையில் கறுப்பினத்தவர் பலர் கொல்லப்பட்டனர். பழைய வீரர் ஒருவர் எப்படியும் வெல்வார் என்ற நம்பிக்கை அன்று நிறவெறியின் மறுபெயராக இருந்தது.

'பொற்காலம்' என்று பேசுவோர் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும். ஜோன்சன் 1915இல் பட்டத்தை இழந்த பின்னர், 1937இல் ஜோ லூயிஸ் வரும்வரை 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பின வீரருக்கும் அதிபாரப் பிரிவின் உலகப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு வழங்கப்படவில்லை. ஹரி வில்ஸ் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் டெம்ப்சியுடனான போட்டி நடைபெறவேயில்லை. சாம் லாங்ஃபோர்டுக்கு ஒருமுறைகூட அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. பட்டம் வென்றபின் ஜோன்சன்கூட அவருக்கு இடமளிக்கவில்லை. 1950இல் அமெரிக்க விளையாட்டு எழுத்தாளர்கள் அரை நூற்றாண்டின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரராக டெம்ப்சியைத் தெரிவு செய்தபோது, மூடப்பட்டிருந்த அந்தக் கதவு எத்தனை பேருக்கு நினைவிருந்தது?

இவ்வளவு கூறியதால் இன்றைய இளைஞரின் பக்கம் நிற்கிறேன் என்று எவரும் கருதவேண்டாம். பழைய படங்களைப் பார்த்துச் சிரிப்பது அவர்களது மடமை. ஜோன்சனும் ஜெஃப்ரிஸும் மோதிய போட்டி 45 சுற்றுகளுக்கு நிர்ணயிக்கப்பட்டது. அத்தனை தூரம் செல்லத் துணிந்தவர் 12 சுற்று வீரரைப்போல் துள்ள முடியுமா? 1952இல் மார்சியானோ பட்டம் வென்ற போட்டியில் மூன்று நடுவர்களின் ஏட்டிலும் ஜேர்சி ஜோ வோல்கட்டே முன்னிலையில் இருந்தார். 13ஆம் சுற்றில் ஒரே வலக்கைக் குத்து முடிவை மாற்றியது. இன்றைய 12 சுற்று விதி அன்றிருந்தால் 49 போட்டிகளிலும் வென்ற அந்தச் சாதனையே இல்லை. மறுபுறம், ஏறத்தாழ 185 இறாத்தல் எடையுடைய மார்சியானோ இன்று 200 இறாத்தலுக்கு உட்பட்ட குரூசர்வெயிட் பிரிவிலேயே போட்டியிட்டிருப்பார். விதி வேறு, உடல் வேறு, மருத்துவம் வேறு. இத்தனை வேறுபாடுகளையும் ஒதுக்கிவிட்டு 'யார் வெல்வார்' என்று கேட்பதில் என்ன பொருள்?

"அப்பிடியெண்டால் 45 வயசில ஃபோர்மன் திரும்பவும் சம்பியன் ஆனது எப்பிடி?" என்று நண்பர் கேட்பார் என்பதை அறிவேன். 1994 நவம்பரில் மைக்கல் மூரரை வீழ்த்தியது மாபெரும் சாதனை. ஆனால் ஒன்பது சுற்றுகள் பின்தங்கியிருந்து, பத்தாம் சுற்றில் வென்றார். 1991இல் ஹொலிஃபீல்டிடமும் 1993இல் மொரிசனிடமும் அதே ஃபோர்மன் புள்ளிகளில் தோற்றார். ஒரு வெற்றியைச் சாட்சியாக அழைத்துவிட்டு இரு தோல்விகளை வாசலில் நிறுத்திவைப்பது நீதியன்று.

இனி விலையைப் பற்றிக் கூறுகிறேன். லரி ஹோம்ஸ் ஏழு ஆண்டுகள் சம்பியனாக இருந்தும் உரிய மதிப்பைப் பெறவில்லை. அலிக்குப் பின் வந்தது அவர் செய்த குற்றம். 1980 ஒக்டோபர் 2ஆம் திகதி, 38 வயதான அலியை உலகம் மீண்டும் மேடையேற்றியது. ஒரு காலத்தில் அலியின் பயிற்சித் தோழராக இருந்த ஹோம்ஸ் பத்துச் சுற்றுகள் அவரை அடிக்கவேண்டியிருந்தது. அலியின் தரப்பினரே அதன்பின் போட்டியை நிறுத்தினர். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய் என்று கூறப்பட்டது. அந்த நோய்க்கு அந்த ஒரு போட்டிதான் காரணம் என்று கூறமாட்டேன். ஆனால் பழைய அலியை ஒருமுறை காணவேண்டும் என்று நுழைவுச்சீட்டு வாங்கிய ஒவ்வொருவரும் அந்தக் குத்துகளில் பங்காளிகளே. 2024 நவம்பர் 15ஆம் திகதி டெக்சாஸ் அரங்கில் 70,000க்கும் மேற்பட்டோர் கூடினர். 58 வயது மைக் டைசன் 27 வயது ஜேக் போலின் முன்னால் தள்ளாடியதைக் காண்பதற்கே அந்தக் கூட்டம். நமது ஏக்கத்துக்கு ஒரு கிழவரின் தலை கூலியாகின்றது.

நானும் பார்த்தேன். மறைக்கமாட்டேன். 1986இல் டைசன் பட்டம் வென்றபோது நான் பதின்ம வயதினன். இன்றுவரை என் மனப்பட்டியலின் முதற்பெயர் அவருடையதே. 1990 பெப்ரவரியில் டோக்கியோவில் அவர் தோற்றதை விபத்து என்றே வெகுகாலம் நம்பினேன். ஆராய்ந்து பார்த்தால் டைசன் முதலிடத்தில் இருப்பதற்கு என்னிடமுள்ள வலுவான ஆதாரம் என் பிறந்த ஆண்டுதான்.

ஆகவே, எல்லாக் காலத்துக்குமான பட்டியலை வெளியிடுவோர் தமது வயதையும் தலைப்பிலேயே எழுதட்டும். ஒரு வீரரை அவர் காலத்தில் அவருக்கு எதிரே நின்றவர்களைக் கொண்டும், நிற்கவிடாமல் தடுக்கப்பட்டவர்களைக் கொண்டும் அளக்கட்டும்.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். 2024 மே 18ஆம் திகதி ரியாத்தில், தம்மைவிட 15 சென்ரிமீற்றர் உயரமான டைசன் ஃபியூரியுடன் 37 வயது ஒலெக்சாண்டர் உசிக் மோதினார். அதில் ஒன்பதாம் சுற்றை மட்டும் பாருங்கள் அண்ணை. மூன்றே நிமிடம். அதன்பின் உங்கள் கேள்வியைத் திரும்பவும் கேளுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.