கட்டு என்னுது... அப்போ ஜெயிச்சது யாரு?

போன ஞாயிற்றுக்கிழமை ஆம்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் தொக்கு கொதிக்கும் வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா மகன் கையைப் பிடித்து இழுத்தான். ஆறாவது படிக்கிறான்.

"சித்தி, நீ பத்திரிகையிலதானே வேலை பார்க்குற? நீயே நியாயம் சொல்லு. கட்டு என்னுது. அவன் அதை வாங்கி ஆடி ஜெயிச்சுட்டான். அப்போ ஜெயிச்சது யாரு? அவனா, நானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

அவன் சொன்ன கட்டு, போக்கிமான் அட்டைக் கட்டு. துபாயிலிருந்து வந்த பெரியப்பா 'பேட்டில் அகாடமி' என்ற பெட்டியை வாங்கி வந்திருந்தார். 2020-ல் வெளியான அந்தப் பெட்டியில் பிகாச்சு, சாரிசார்ட், மியூடூ என்று மூன்று கட்டுகள் இருக்கும். கட்டுக்கு 60 அட்டை. தெருவில் இவன் வயதுப் பையன்கள் நான்கு பேர். மற்ற மூவரில் ஒருவனிடம் சில உதிரி அட்டைகள் உண்டு. மற்ற இரண்டு பேரிடம் எதுவும் இல்லை. ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் இவன் கட்டுகளைத்தான் எல்லோரும் பங்கு போட்டு ஆடுகிறார்கள். ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, தோற்றவன் எழுந்தால் அடுத்தவன் உட்கார வேண்டும். கட்டுகளை வைக்க அக்கா தோல் வெட்டுத் துண்டுகளை இணைத்து மூன்று பை தைத்துக் கொடுத்திருக்கிறாள். எங்கள் ஊரில் ஜியோமெட்ரி பாக்ஸ் உறையிலிருந்து சாவிக்கொத்து வரைக்கும் எல்லாமே தோல்தான்!

"சரி, ஜெயிச்சவனைக் கூப்பிடு. அவன் பக்கத்தையும் கேட்போம்" என்றேன்.

"அவன் வர்றதில்ல" என்று தலையைக் குனிந்துகொண்டான்.

மீதிக் கதையைச் சமையலறையில் அக்கா சொன்னாள். அந்தப் பையனின் வீடு இரண்டு வீடு தள்ளி. அவன் அம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறவர். ஜோடிக் கணக்கில் கூலி. மகன் சாரிசார்ட் கட்டை ஒரு நாள் இரவல் வாங்கிப் பள்ளிக்கு எடுத்துப் போயிருக்கிறான். அங்கே வேறு வகுப்புப் பையன் ஒருவன் தகதகவென்று மின்னும் தங்க நிற அட்டையைக் காட்டியிருக்கிறான். இவன் கட்டிலேயே பெரிய அட்டையான சாரிசார்டைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்துவிட்டான். ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. "உனக்கு நல்லதுன்னுதான்டா மாத்தினேன், இதுல பவர் ஜாஸ்தி" என்று பெருமையாகத்தான் நீட்டியிருக்கிறான்.

அது போலி அட்டை. நம்மாள் தெருவே கேட்கக் கத்தியிருக்கிறான். "என் கட்டை வெச்சுதானே இத்தனை நாள் ஜெயிச்ச!" என்பதும் அந்தச் சண்டையில் வந்த வார்த்தைதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மா 200 ரூபாயை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாராம். "பையன் தெரியாம பண்ணிட்டான்க்கா. எவ்ளோன்னு எனக்குத் தெரியல. இதை வெச்சுக்கோங்க."

அக்காவும் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவள். "200 ரூபாய்க்கு எத்தனை ஜோடி தைக்கணும்னு எனக்குத் தெரியாதாடி? வாங்கவே மாட்டேன்னு அனுப்பிட்டேன். ஆனா அன்னிலேர்ந்து அந்தப் பையன் இந்தப் பக்கமே வர்றதில்ல" என்றாள். தொக்கைக் கிளறும் கரண்டி கொஞ்சம் வேகமாகச் சுற்றியது.

நம் காலத்து அட்டை

எனக்கு என் பள்ளி நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. அப்போது எங்கள் தெருவில் டபிள்யூ.டபிள்யூ.இ. ட்ரம்ப் கார்டுதான் எல்லாம். அட்டைக்கு ஒரு மல்யுத்த வீரர். உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று எண்கள் இருக்கும். கையில் தி கிரேட் காளி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'உயரம்' என்று சொல்லிவிடலாம். ரேங்க்கில் மட்டும் சின்ன எண்தான் ஜெயிக்கும். உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் அட்டையைப் 'பத்தா' என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம்.

அந்த ஆட்டத்தின் வசதி, ஐந்து பேருக்கு ஒரே ஒரு கட்டு போதும் என்பதுதான். எல்லோருக்கும் பிரித்துப் போட்டு ஆடுவோம். கடைசியில் ஒருத்தர் கைக்கு எல்லா அட்டையும் போய்ச் சேரும். ஆட்டம் முடிந்ததும் கட்டு, வாங்கியவன் பைக்குள் போய்விடும். ஜெயித்தவன் வீட்டுக்கு எடுத்துப் போனது பெயரை மட்டும்தான். பிரிட்டனில் 1970-களின் பிற்பகுதியில் 'டாப் ட்ரம்ப்ஸ்' என்று பிரபலமான ஆட்டத்தின் தம்பி இது.

ஆனால் கட்டு வைத்திருந்த அண்ணன்மார்கள் என்னை 'ஒப்புக்குச் சப்பாணி'யாகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். அட்டை தருவார்கள். தோற்றால் கணக்கில்லை, ஜெயித்தாலும் கணக்கில்லை. தோற்றதைவிட, ஜெயித்தும் எண்ணாமல் விட்டதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அதனால்தான் "கட்டு என்னுது, ஜெயிச்சது யாரு?" என்ற கேள்வி என்னைக் கொஞ்சம் சுட்டது. கட்டு இல்லாதவன் ஜெயித்தால் அது ஜெயிப்பே இல்லை என்றால், அவனும் ஒப்புக்குச் சப்பாணிதானே?

விதி என்ன சொல்கிறது?

போக்கிமான் அட்டை ஆட்டம் 1996-ல் ஜப்பானில் வந்தது. விதிகள் கேட்கப் பெரிதாக இருந்தாலும் அடிப்படை எளிதுதான். கட்டில் சரியாக 60 அட்டை இருக்க வேண்டும். ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் கூடாது. அடிப்படை எனர்ஜி அட்டைக்கு மட்டும் இந்தக் கணக்கு இல்லை, எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆரம்பத்தில் ஏழு அட்டை கையில் எடுக்க வேண்டும். ஆறு அட்டையைப் 'பரிசு' என்று கவிழ்த்து ஓரமாக வைக்க வேண்டும். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போதெல்லாம் பரிசு அட்டை எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்து முடிப்பவர் ஜெயித்தவர்.

இதில் எனக்குப் பிடித்தது, அந்தப் பரிசு அட்டை எதிராளியுடையது இல்லை என்பது. உங்கள் கட்டிலிருந்து நீங்களே ஒதுக்கி வைத்ததைத்தான் நீங்கள் எடுக்கிறீர்கள். தோற்றவனும் 60 அட்டையோடு வந்து 60 அட்டையோடுதான் வீட்டுக்குப் போவான்.

எல்லா ஆட்டமும் இப்படி இல்லை. கோலியில் ஜெயித்தவன் அள்ளிக்கொண்டு போவான். 1993-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித முனைவர் உருவாக்கிய 'மேஜிக் தி கேதரிங்' ஆட்டம்தான் இந்த வகை அட்டை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி. அதன் ஆரம்ப விதியில், இருவரும் தங்கள் கட்டிலிருந்து ஒரு அட்டையைப் பந்தயமாக வைக்க வேண்டும். ஜெயித்தவருக்கு இரண்டும் சொந்தம். ஆசையாக வாங்கியதைத் தோற்க யாருக்கு மனசு வரும்? அது சூதாட்டம் போலவும் தெரிந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த வழக்கம் கைவிடப்பட்டது. 1999-ல் போக்கிமான் அட்டை அமெரிக்காவுக்குப் போனபோதும், ஆட்டத்தைவிட அட்டையை மாற்றிக்கொள்வதில்தான் சண்டை அதிகம் வந்தது. பல பள்ளிகள் அட்டையைக் கொண்டுவரவே தடை போட்டன.

நம்ம பல்லாங்குழியில் இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. தோற்றவரிடம் சோழி குறைந்துபோனால், நிரப்ப முடியாத குழியை ஒதுக்கிவிட்டு மீதிக் குழிகளை வைத்து அடுத்த ஆட்டம் ஆடலாம். இழப்பு உண்டு, ஆனால் எழுந்து போகச் சொல்வதில்லை. பாட்டிகள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்!

போக்கிமான் விதி ஆளுக்கு ஒரு கட்டு வேண்டும் என்கிறது. அந்தக் கட்டு யார் காசில் வாங்கியது என்று கேட்பதில்லை. ஆடுகிறவர்தான் ஜெயிக்கிறார்.

இதைச் சொன்னதும் அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ சாரிசார்ட்?" என்றான். நியாயமான கேள்வி. ஆடுவதற்குத்தான் அவன் இரவல் கொடுத்தான், மாற்றுவதற்கு இல்லை. இந்த இரண்டும் வேறு என்று யாரும் முன்னாடியே சொல்லிக்கொள்ளவில்லை. பெரியவர்கள் வண்டியை இரவல் கொடுக்கும்போதும், நகையைக் கொடுக்கும்போதும் நடப்பதும் இதுதானே? மனசு நல்லதாகத்தான் இருக்கும், பேச்சுதான் இருக்காது.

நோட்டின் கடைசிப் பக்கம்

சாப்பிட்டுவிட்டு நானும் அவனும் இரண்டு வீடு தள்ளிப் போனோம். அந்த அம்மா ஊசியைக் கீழே வைக்காமலே "வாங்க" என்றார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். "சித்தி பஞ்சாயத்து வைக்கிறாங்க, வாடா" என்று நம்மாள் கூப்பிட்டதும் ஒரு நிமிடம் கழித்து வந்தான்.

நால்வரும் திண்ணையில் உட்கார்ந்து ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்கள். நான் பேசவில்லை. அவர்கள் எழுதியது இது:

1. ஆட யாருக்கு வேணும்னாலும் கட்டு கொடுக்கணும். மாத்துறது கட்டுக்காரன் மட்டும்.

2. வாங்கும்போது 60 எண்ணணும். கொடுக்கும்போது 60 எண்ணணும்.

3. ஆடுறவன்தான் ஜெயிச்சவன்.

4. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கட்டை மாத்தி ஆடணும். ஒரே ஆளு ஒரே கட்டை வெச்சுக்கக் கூடாது.

5. அட்டை மடங்கினா சண்டை போடலாம். காசு கேக்கக் கூடாது.

ஐந்தாவது விதியை எழுதச் சொன்னது அக்கா மகன். அந்த அம்மா வந்து நின்றபோது அவனும் கதவோரம் நின்று பார்த்திருக்கிறான் போல.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. சாரிசார்ட் போனதால் அந்தக் கட்டில் 59 அட்டைதான். 59-ஐ வைத்து ஆட விதி இல்லை. உதிரி அட்டை வைத்திருந்த பையன் தன் பையைத் துழாவி ஒரு நெருப்பு எனர்ஜி அட்டையை எடுத்து நீட்டினான். எனர்ஜிக்குத்தான் கணக்கில்லையே! 60 ஆகிவிட்டது.

"சாரிசார்ட் இல்லாத கட்டை நானே வெச்சு ஆடுறேன்" என்றான் தொலைத்தவன்.

"நாலாவது ரூல் என்ன எழுதினோம்?" என்று கேட்டான் நம்மாள்.

பெற்றோர் கவனத்துக்கு

ஃபேன்சி ஸ்டோர்களில் குறைந்த விலைக்கு விற்கும் தங்க நிற, வெள்ளி நிற அட்டைகள் பெரும்பாலும் போலி. விளையாட்டாக வாங்கிக் கொடுப்பதில் தப்பில்லை. நிஜ அட்டையோடு மாற்றும்போதுதான் பிரச்சினை. ஹெச்பி என்ற எண்ணைப் பாருங்கள். நிஜ அட்டையில் அது சில நூறுகளைத் தாண்டாது, ஆயிரக்கணக்கில் இருந்தால் போலி. எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள். பின்பக்க நீல நிறத்தை நிஜ அட்டை ஒன்றோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், போலியில் பெரும்பாலும் சாயம் மாறியிருக்கும். டார்ச் அடித்துப் பார்ப்பதும் உதவும். நிஜ அட்டையின் நடுவே மெல்லிய கறுப்பு அடுக்கு உண்டு, வெளிச்சம் எளிதில் ஊடுருவாது.

தெருவில் நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஆடினால், ஆளுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்காமல், பல கட்டுகள் உள்ள ஒரு பெட்டியை இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கலாம். அப்போது கட்டு யாருடையது என்ற பேச்சே வராது. யார் வீட்டில் இருக்கும் என்பதை மட்டும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

அட்டை தொலைந்தது என்று பிள்ளை அழுதுகொண்டு வந்தால், உடனே பணத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். உடனே வாங்கிக்கொள்ளவும் செய்யாதீர்கள். முதலில் பிள்ளைகளையே உட்கார வையுங்கள். அவர்கள் சண்டைக்கு அவர்களிடமே விதி இருக்கும்.

நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது திண்ணையில் ஆட்டம் ஆரம்பித்திருந்தது. யார் முதலில் ஆடுவது என்று பார்க்க ஒரு காசைச் சுண்டிவிட வேண்டும். காசுக்குப் பதில் அந்தத் தங்க நிறப் போலி அட்டையைச் சுண்டினார்கள். மேலே போய்ச் சுழன்று வெயிலில் மின்னி விழுந்தது.

"பூ!" என்று கத்தினான், தொலைத்தவன். பூதான் விழுந்தது.