புறம்போக்குப் பாட்டு கேட்டேன்

சென்னையிலிருந்து வந்த தங்கச்சி மகன், "மாமா, இதைக் கேளுங்க"ன்னு போனில் ஒரு பாட்டுப் போட்டான். கபேர் வாசுகி எழுதி, டி.எம்.கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய 'சென்னை புறம்போக்குப் பாடல்'. 2017-ல் வந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தைத் தூர்க்கிற கதை. நல்ல பாட்டு, ரெண்டு தடவை கேட்டேன்.

ஆனா நகரத்து மக்களே, கேட்டுட்டு என்ன செஞ்சீங்க? உங்களுக்குப் புறம்போக்குன்னா வசவு. எங்களுக்கு அது குளம், ஓடை, மாடு மேயுற இடம். தனியாள் பேர்ல பட்டா கிடையாது, ஊருக்கே பாத்தியம்.

சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியுற நெல்லைக் கால்வாயை நம்பித்தான் தச்சநல்லூர்ப் பக்கம் நெல்லு விளையுது. எங்க வயலுக்கு வாற ஓடையில கட்டட இடிபாட்டைக் கொட்டி மனை போட்டாங்க. போன பிசானத்துக்கு என் கடைசி வயல்ல தண்ணி ஏறவே இல்ல. நாத்து கருகிப்போச்சு.

அந்த மனையை வாங்குறது யாரு? பாட்டைப் பத்துப் பேருக்கு அனுப்புன நீங்கதான்!

அட்வான்ஸ் கொடுக்குமுன்னே வி.ஏ.ஓ.கிட்ட அ-பதிவேட்டைக் கேட்டுப் பாருங்க. குளம், ஓடைன்னு இருந்தா வாங்காதீங்க. அப்புறம் நிம்மதியாப் பாட்டு கேளுங்க.