பின்னறையில் கிடக்கும் ரெம்மும் புதுக் கொம்பியூட்டர் கேட்கும் கடிதமும்



பாடசாலைக்குக் கொம்பியூட்டர் வேண்டும் என்று பழைய மாணவர்களுக்கும் வெளிநாட்டிலுள்ள ஊரவர்களுக்கும் கடிதம் எழுதுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் பல பாடசாலைகளின் பின்னறையில் பழுதான கொம்பியூட்டர்கள் தூசி படிந்து கிடக்கின்றன. ஒன்றில் பவர் சப்ளை எரிந்திருக்கும், இன்னொன்றில் மதர்போர்ட் போயிருக்கும். உள்ளே இருக்கும் ரெம் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். இலகுவில் பழுதாகாத பாகம் அது.

இந்தப் பக்கம் லெப்பில் 2 ஜிபி ரெம்மோடு விண்டோஸ் 10 மூச்சு வாங்குகிறது. ரெம் போதாதபோது கொம்பியூட்டர் ஹார்ட் டிஸ்கில் இடம் பிடித்துச் சமாளிக்கும். அது ரெம்மைவிடப் பல மடங்கு மெதுவானது. பிள்ளை எக்செல் திறக்கும்வரை காத்திருந்தே பாடவேளை போய்விடுகிறது. சாதாரண தரத்துக்கு ஐசிடி எடுக்கும் பிள்ளைக்கு அந்த நேரத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

புதியது கேட்க முன் இருப்பதை ஒன்று சேர்ப்போம் என்பதுதான் எங்கள் கருத்து.

பழுதான இரண்டு கொம்பியூட்டரின் ரெம்மைக் கழற்றி நல்ல ஒன்றில் போடலாம். மின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கேசிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கீழ்விளிம்பின் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பலவந்தமாக அழுத்தினால் ஸ்லொட் உடையும்.

போட்ட பிறகும் ஒரு விரயம் உண்டு. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேலுள்ள ரெம்மைப் பயன்படுத்தாது. 8 ஜிபி போட்டாலும் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். கோர் 2 டுவோ காலத்துக் கொம்பியூட்டரிலும் 64 பிட் ஓடும். பிள்ளைகளின் வேலைகளை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு அதை நிறுவலாம். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் முடிந்துவிட்டது. லினக்ஸ் மின்ட் இலவசம். 2 ஜிபியில் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதியாக ஓடும். அந்த மற்ற 2 ஜிபிதான் பின்னறையில் இருக்கிறது.

ரெம்மைக் "காலியாக்கும்" மென்பொருட்களை நம்ப வேண்டாம். மீதி ரெம்மில், அடிக்கடி திறக்கும் கோப்புகளைக் கொம்பியூட்டர் தானாகவே வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை விரைவாகத் திறப்பது அதனால்தான். அதைத் துடைத்தால் வேகம் குறையும்.

"அரச சொத்து, கை வைத்தால் ஓடிட்டில் மாட்டுவோம்" என்று சிலர் சொல்வார்கள். பயம் நியாயமானது. அதற்காகத்தான் அதிபரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். எதிலிருந்து கழற்றி எதில் போட்டோம் என்று இன்வென்டரியில் எழுதி ஒப்பமிட வேண்டும். எழுதாமல் செய்வதுதான் குற்றமாகும்.

ரெம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. ஹார்ட் டிஸ்க் சாகும் நிலையில் இருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எண்ணிப் பார்த்த பிறகு எழுதும் கடிதத்தில் பத்துக் கொம்பியூட்டருக்குப் பதிலாக மூன்று கேட்டால் போதுமாயிருக்கலாம். கொடுப்பவர் வியர்வை சிந்தி உழைத்த காசு அமானிதம். வீண்விரயம் கூடாது என்று வகுப்பில் படிப்பிப்பதும் நாங்கள்தானே.

இந்தத் தவணை விடுமுறைக்கு முன் உங்கள் பாடசாலைப் பின்னறையை ஒருக்கா திறந்து எண்ணிப் பாருங்கள்.