முற்பணமும் ஒரு வெள்ளைத் தாளும்

எங்கள் மாமி ஒருவர் எத்தாளையில் பத்துப் பேர்ச் காணிக்கு முற்பணம் கொடுத்தார். மகளின் கல்யாணத்துக்கு முன் அதில் ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது அவரது ஆசை. காப்பை விற்ற காசு அது. விற்றவர் நன்கு தெரிந்தவர் என்பதால், வெள்ளைத் தாளில் நாலு வரி எழுதி, முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்கியதோடு காரியம் முடிந்தது. "தெரிஞ்ச மனிசனிட்டப் போய் நொத்தாரிசு, சாட்சி எண்டா, நம்பிக்கையில்ல எண்டு நினைக்க மாட்டாரா?" என்றார் மாமி.

அத்திவாரம் போட்ட அடுத்த ஆண்டு விற்றவர் மௌத்தானார். "வாப்பா எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார்கள் பிள்ளைகள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசி, பாதிப் பணம் திரும்பி வந்தது. அத்திவாரம் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. மோசடிகளைத் தடுப்பதற்கான 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகக் கொடுக்கும் வாக்குறுதிகூட எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும். முத்திரை ஒட்டிய தாள், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க உதவலாம். காணியைக் கேட்க உதவாது.

எழுதக் கேட்பது அவநம்பிக்கையா? திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், சூரா பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ, எழுதச் சலிப்படைய வேண்டாம் என்கிறது. பின்னர் சந்தேகம் எழாதிருக்க அதுவே வழி என்கிறது. ஆகவே எழுத்து நட்பைக் காக்கிறது. மாமியின் விடயத்தில் கெட்டுப்போனது காசு மட்டுமல்ல, இரு குடும்பங்களின் பேச்சுவார்த்தையும்தான்.

எழுத்தின் பெறுமதியை நமது பகுதியை விட அறிந்த இடம் ஏது? 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களும், வடக்கின் ஏனைய ஊர்களிலிருந்து விரட்டப்பட்டவர்களும் நம் அயலவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் உறுதியை எடுக்கவும் நேரமின்றி வந்தார்கள். நொத்தாரிசு எழுதும் உறுதியின் ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. கையிலுள்ளது தொலைந்தாலும் அங்கே தேடிப் பார்க்க வழியுண்டு. வாய்ச்சொல்லுக்கு அப்படி ஒரு பதிவகம் இல்லை.

எனவே முற்பணம் கொடுக்கும் முன், உறுதியை நொத்தாரிசிடம் காட்டிக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். அது அரச அனுமதிப் பத்திரக் காணியானால், பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது என்பதை அறிந்துகொள்ளுங்கள். முழு விலை, கொடுத்த தொகை, உறுதி எழுதும் திகதி, ஒருவர் பின்வாங்கினால் என்ன செய்வது என்பன உடன்படிக்கையில் இருக்கட்டும். உறுதி முடிந்ததும் தாமதியாமல் பதிவு செய்யுங்கள். ஒரே காணி இருவருக்கு விற்கப்பட்டால், முதலில் பதிந்தவருக்கே பொதுவாக முன்னுரிமை. செலவு அதிகம் என்பார்கள். கைவிடப்பட்ட அத்திவாரத்தை விட அது குறைவு.

சகோதரிகளே, நாம் வாசிக்கத் தெரிந்தவர்கள். இந்த விடுமுறையில் வீட்டுப் பெட்டியிலுள்ள உறுதியை எடுத்து உம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். யார் பெயரில் இருக்கிறது, எல்லைகள் எவை என்று இருவரும் தெரிந்துகொள்ளுங்கள்.