கேலிச்சித்திரமும் குங்பூ நகைச்சுவையும்

ஆங்காங் நடிகர் ஸ்டீபன் சௌ இயக்கி நடித்து 2004-இல் வெளியிட்ட படம் ‘குங்பூ ஹசில்’. அதன்கண் வீட்டுக்காரி ஒருத்தி, தன்னைக் கொல்ல வந்த இளைஞனைத் துரத்துகின்றாள். இருவர் கால்களும் சக்கரம்போற் சுழல்கின்றன, புழுதி பறக்கின்றது, இறுதியில் அவள் பெரியதோர் விளம்பரப் பலகையில் மோதுகின்றாள். அமெரிக்கராகிய சக் ஜோன்ஸ் 1949-இல் தொடங்கிய ‘ரோட் ரன்னர்’ கேலிச்சித்திரங்களைக் கண்டார்க்கு இக்காட்சியின் மூலம் எளிதில் விளங்கும். ஆண்டுக் கயோட்டி என்னும் ஓநாயினத்து விலங்கு, பறவையொன்றைத் துரத்தி, மலைமுகட்டைக் கடந்து வெட்டவெளியிலும் ஓடும். கீழே நோக்கிய பின்னரே விழும். மறுகாட்சியில் ஊறின்றி எழும்!

இஃது இரவற் கலை எனச் சிலர் இகழ்வர். அவ்விகழ்ச்சி பொருந்தாது. கோட்டோவியத்திற்கு எலும்பும் இல்லை, நோவும் இல்லை; மனிதற்கோ இரண்டும் உள. கணிப்பொறியே அக்கால்களைச் சுழற்றியது என்பது மெய்யே. ஆயினும் வீட்டுக்காரியாக நடித்த யூன் சியூ, இளமையிலேயே பீக்கிங் இசைநாடகப் பயிற்சியில் உடலைப் பதப்படுத்தியவர். பிற சண்டைக் காட்சிகளில் அவர்தம் நிலையும் அசைவும் அப்பயிற்சியைப் புலப்படுத்தும். அது வாய்க்கப்பெறாத நடிகரைக் கணிப்பொறி சுழற்றினால், பொம்மையாட்டமே எஞ்சும்.

அவருடன் ஒரே ஆசிரியரிடம் பயின்ற ஜாக்கி சான், 1983-இல் வந்த ‘பிராஜெக்ட் ஏ’ படத்தில் மணிக்கூண்டினின்றும் துணிக்கூரைகளைக் கிழித்துக்கொண்டு தரையில் வீழ்கின்றார். கயோட்டியின் வீழ்ச்சியே அது எனலாம். ஆனால் படத்தின் முடிவில், எடுப்பில் நேர்ந்த தவறுகளையும் அடிகளையும் அவர் மறையாது காட்டுகின்றார். அதுகாறும் சிரித்தோர் அவற்றையும் காண்கின்றனர்.